இரண்டு பேருக்கு ஒரு கார்விங் போர்ட்

1. இரண்டு முனைகள்

நான் பின்கதவால் பட்டறைக்குள் வந்தபோது, ஒரு கணவனும் மனைவியும் ஒரே ஸ்னோபோர்டின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கணவன் தன் பக்கம் இழுத்தார். மனைவி விடவில்லை. எங்கள் முதலாளி ஆர்ன நடுவில் நின்று, தமிழ் விளங்காமல், இருவருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது.

"சிவா, வா. இவை உன்ரை ஆக்கள். போர்ட் ரெண்டாய்ப் பிரியிறதுக்கு முன்னம் என்னெண்டு கேள்" என்றார். அவர் பேசியது நோர்வேஜிய மொழி. அவருடைய பேச்சை எங்கள் பேச்சிலேயே இங்கே எழுதுகிறேன். எனக்கு அது அப்படித்தான் நினைவில் இருக்கிறது.

இது இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில், ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், பாவித்த பனிவிளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடையில் நடந்தது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை எங்களுக்கு மாற்றுச் சந்தை. சனங்கள் தங்களுக்கு உதவாத ஸ்கீ, போர்ட், சப்பாத்து எல்லாவற்றையும் கொண்டுவருவார்கள். வேறொருவர் கொண்டுவந்ததை எடுத்துக்கொண்டு போவார்கள். அன்று காலையில் இருந்தே கடைக்குள் ஈரக் கம்பளிக் கையுறையின் மணமும், உருகிய மெழுகின் மணமும், கோப்பி மணமும் ஒன்றாய்க் கலந்து நிற்கும். இப்போது நான் ஒரு பாடசாலையில் பராமரிப்பு வேலை செய்கிறேன். நவம்பர் வந்தால் அந்த மணம் மூக்கில் ஏறுகிறது.

அந்த இருவரையும் எனக்குப் பார்த்துத் தெரியும். ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் எதிர்ப்பட்டால் தலையசைப்போம். கணேஸ் பஸ் ஓட்டுகிறவர், வாட்டசாட்டமான ஆள். சுகந்தி முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவ, மெலிந்த தேகம். வீடு ஹவுகன்ஸ்டுவாவில். நான் ரொம்மனில் இருந்தேன்.

"அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ" என்றார் கணேஸ். "வீட்டுக்கு ஒரு போர்ட் காணும்தானே? இவவும் ஓடலாம், நானும் பழகலாம். வீட்டிலை ஒரு டிவிதான் கிடக்குது. ரெண்டு பேரும் பாக்கேல்லையே?"

"ரிமோட் ஆரின்ரை கையிலை?" என்றா சுகந்தி.

ஆர்ன என்னிடம் "என்ன சொல்லினம்?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஒரு போர்டோ? ரெண்டு பேருக்கோ?" என்று கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்தபடி முன்கடைக்குப் போய்விட்டார். அப்படியென்றால் இது இனி உன் பாடு என்று அர்த்தம்.

2. மூன்று கேள்விகள்

நான் ஊரில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். நோர்வேக்கு வந்து முதலில் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு இந்தக் கடையில் கூட்டித் துடைக்க வந்தேன். இரண்டாவது குளிர்காலத்தில் ஆர்ன என் கையில் மெழுகு தேய்க்கும் அயர்னைத் தந்தார். அதற்கடுத்த குளிர்காலத்தில் போர்டின் இரும்பு விளிம்பான எட்ஜைத் தீட்டும் அரத்தைத் தந்தார். நான் முன்கடைக்குப் போக விரும்பாதவன். ஆட்களுடன் கதைக்க எனக்குக் கூச்சம். போர்ட்களுடன் இருப்பது நிம்மதியாக இருந்தது.

சாதாரண ஸ்னோபோர்ட் பனியைச் சுரண்டிக்கொண்டு வழுக்கும். கார்விங் போர்ட் அப்படியல்ல. அது ஒடுக்கமாக, நீளமாக இருக்கும். காலில் கட்டியான ஹார்ட் பூட்ஸ் போட வேண்டும். திரும்பும்போது போர்ட் தன் எட்ஜில் நிமிர்ந்து நின்று பனியை வெட்டிக்கொண்டு போகும். பின்னால் பார்த்தால் பென்சிலால் கீறியதுபோல மெல்லிய கோடு இருக்கும். அந்தக் கோடு விழுவதற்கு, ஆளின் பாரத்துக்குக் கீழே போர்ட் வில்லுப்போல வளைய வேண்டும். ஆளுக்கு மிஞ்சிய விறைப்பு என்றால் வளையாது; நேரே தன்பாட்டுக்குப் போகும். விறைப்பு காணாது என்றால் மடிந்து, காலுக்குக் கீழே இருந்து நழுவி ஓடிவிடும்.

புதுப் போர்டில் விறைப்புக்கு ஒரு எண் அச்சடித்திருப்பார்கள். பாவித்த போர்டில் அந்த எண்ணை நம்பக் கூடாது என்று ஆர்ன சொல்லுவார். "அது பிறக்கேக்கை எழுதினது. ஒரு தடியன் நாலு குளிர்காலம் ஏறி மிதிச்ச பிறகு அது வேறை போர்ட்."

அதனால் கையால்தான் பார்ப்போம். போர்டின் பின்முனையான வாலை நிலத்தில் ஊன்றி, ஒரு கையால் அதன் முன்முனையான மூக்கைப் பிடித்து, மற்றக் கையின் உள்ளங்கையால் நடுவை அழுத்த வேண்டும். பிறகு மட்டமான மேசையில் கிடத்தி, கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். நல்ல போர்டின் நடு, பாலம்போல மேசையை விட்டு எழும்பி நிற்கும். அழுத்திவிட்டால் டக்கென்று எழும்ப வேண்டும். சோம்பலாக எழும்பினால் அதன் காலம் முடிந்துவிட்டது. சப்பாத்தைப் போர்டோடு பிடிக்கும் பைண்டிங் பூட்டுகிற இடத்தில் வெடிப்பு இருக்கிறதா, எட்ஜ் தீட்டித் தீட்டித் தேய்ந்துபோய் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆனால் இதெல்லாம் பிறகு. போர்டில் கை வைப்பதற்கு முன்னால் ஆளிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்பது ஆர்னவின் கட்டளை. எடை என்ன? எந்த மலையில் ஓடுகிறாய்? எப்படி விழுகிறாய்?

மூன்றாவது கேள்வியைக் கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் அதற்குச் சொல்லும் பதிலில்தான் பாதி விஷயம் இருக்கும்.

3. கேட்க முடியாத கேள்வி

எனக்கு அன்று முதல் கேள்வியே கேட்க வரவில்லை.

நோர்வேஜியப் பெண்களிடம் நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அவர்கள் பட்டென்று சொல்லுவார்கள், நான் போர்ட் தேடப் போவேன். எங்கள் பெண் ஒருத்தியிடம், அதுவும் புருசன் பக்கத்தில் நிற்க, "உங்கடை எடை என்ன?" என்று தமிழில் எப்படிக் கேட்பது? வாயைத் திறந்தேன். "எந்த மலையிலை ஓடுறனீங்கள்?" என்று இரண்டாவது கேள்விதான் வந்தது.

நகரத்துக்கு வடக்கே உள்ள மலை என்றா. வேலைத்தளத்துத் தோழிகள் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கியிருக்கிறார்கள். நாலு குளிர்காலமாகச் சாதாரண போர்டில் ஓடுகிறா.

"போன வருசம் ஒரு கிழவர் ஹார்ட் பூட்ஸோடை வந்தவர், அண்ணை. சத்தமே இல்லை. நாங்கள் எல்லாம் கர் கர் எண்டு சுரண்டிக்கொண்டு போறம், அவர் கோடு கீறிக்கொண்டு போறார். அண்டைக்கு நினைச்சனான், எனக்கும் அப்பிடி ஒரு கோடு வேணும் எண்டு."

"கோடு கீறப் போய்த்தானே கை முறிஞ்சது" என்றார் கணேஸ்.

அப்போதுதான் கவனித்தேன். அவ இடது மணிக்கட்டை மற்றக் கையால் மூடிக்கொண்டிருந்தா.

"எப்பிடி விழுந்தனீங்கள்?" என்றேன்.

"பழைய போர்ட். வேகமாய்த் திரும்பேக்கை காலுக்குக் கீழை இருந்து நழுவிப் போட்டுது. உள்பக்கமாய் விழுந்தனான். கையை ஊண்டிப் போட்டன்."

போர்ட் நழுவியிருக்கிறது. அப்படியென்றால் இருந்ததைவிடக் கொஞ்சம் விறைப்பு வேண்டும். கொஞ்சம் என்றால் எவ்வளவு? அதற்கு எடை தெரிய வேண்டும்.

கணேஸ் பேச்சை முடிக்க வந்தார். "அண்ணை, நான் இவவுக்குத் தெளிவாய்ச் சொல்லிப்போட்டன். ஒரே போர்ட், ரெண்டு பேரும் சேர்ந்து போறம் எண்டால் போகலாம். இல்லாட்டி இந்த விளையாட்டு இண்டையோடை சரி."

சுகந்தி போர்டின் பின்முனையை இன்னும் இறுக்கிப் பிடித்தா.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. முகத்தைப் பக்கத்துச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு, நோர்வேஜிய மொழியில், ஆர்ன கேட்பதுபோலவே கேட்டேன். "எடை என்ன?"

அவ ஒரு நொடி திகைத்தா. பிறகு வாய்விட்டுச் சிரித்தா. சிரித்துக்கொண்டே நோர்வேஜிய மொழியிலேயே எண்ணைச் சொன்னா.

கணேஸ் அவவைத் திரும்பிப் பார்த்தார். "இஞ்சை பாருங்கோ. கலியாணம் கட்டி இவ்வளவு காலம். எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை!"

"நீங்கள் ஒருநாளும் போர்ட் விக்கேல்லையே" என்றா.

4. மரக்கட்டைகள்

அன்று வந்த சாமானில் இரண்டு கார்விங் போர்ட் தேறின. ஒன்று கறுப்பு. நீளமானது, கீறல் இல்லை, பார்த்தால் புதிது. கணேஸ் இழுத்துக்கொண்டிருந்தது அதைத்தான். மற்றது மஞ்சள். மேல்பக்கம் முழுக்கச் சிராய்ப்பு, யாரோ ஒட்டிய ஸ்டிக்கரை உரித்த அடையாளம். ஆனால் மேசையில் கிடத்தி அழுத்திவிட்டபோது அதன் நடு டக்கென்று எழும்பியது.

கணேஸ் கறுப்புப் போர்டை விரல் மொட்டியால் தட்டினார், ஊரில் கதவுப் பலகை வாங்குகிறவர்கள் தட்டுவதுபோல. "இரும்பு மாதிரிக் கிடக்குது. இதுதான் சரி. இது உடையாது."

சொல்லி விளங்கவைக்க எனக்கு வராது. பட்டறை மூலையில் கிடந்த இரண்டு மரக்கட்டைகளை எடுத்து நிலத்தில் வைத்தேன். கறுப்புப் போர்டின் மூக்கை ஒரு கட்டையிலும் வாலை மற்றதிலும் வைத்தேன். இது கடை வழக்கமல்ல. சமதரையில் ஓடும் நீள ஸ்கீக்கு விறைப்புப் பார்க்கும்போது ஆளை ஸ்கீயில் நிற்கவைத்து, அடியால் ஒரு கடதாசி போகிறதா என்று பார்ப்போம். அதைப் பார்த்து நானாகச் செய்துகொண்ட முறை.

"தம்பி, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நடுவிலை ஏறி நில்லுங்கோ."

கணேஸ் ஏறினார். போர்ட் மெதுவாகக் கீழே வளைந்து, அவரைத் தாங்கிக்கொண்டு நின்றது. "ஆ, சோக்காய் இருக்குது!" என்று ஒரு துள்ளுத் துள்ளினார்.

"இப்ப தங்கச்சி ஏறுங்கோ."

சுகந்தி ஏறினா. போர்ட் அசையவில்லை. காலை மாற்றி நின்று பார்த்தா. முழங்காலை மடித்து அமத்திப் பார்த்தா.

"அண்ணை, நான் நிக்கிறது இதுக்குத் தெரியேல்லையே" என்றா.

இத்தனை வருடத்தில் விறைப்பைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

மஞ்சள் போர்டை வைத்தேன். அவ ஏறியதும் அது வளைந்தது. இறங்கியதும் நிமிர்ந்தது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஊஞ்சலில் நிற்கிற பிள்ளைபோல விளையாடினா. கணேஸும் ஏறப் பார்த்தார். ஒரு கால் வைத்ததும் உள்ளே முனகல் கேட்டது. "இறங்குங்கோ, இறங்குங்கோ!" என்று கத்திவிட்டேன். நான் கத்தியதைக் கேட்டு ஆர்ன முன்கடையில் இருந்து எட்டிப் பார்த்தார். நான் சத்தம் போட்டு அவர் அதற்கு முன் கேட்டதில்லை.

"அப்ப ரெண்டுக்கும் நடுவிலை ஒண்டு இல்லையோ?" என்றார் கணேஸ்.

"நடுவிலை ஒண்டு எடுத்தால் அது ரெண்டு பேருக்கும் சரிவராது, தம்பி. உங்களுக்கு மடியும். அவவுக்கு வளையாது. இந்தப் போர்ட் ஒராளுக்குத்தான்."

கணேஸ் யோசித்தார். பிறகு கறுப்பைத் தோளில் தூக்கினார். "இதையே எடுக்கிறம். அவ பழகிக்கொள்ளுவா."

ஆர்ன எங்கள் மாற்றுச் சந்தை விதியைச் சொன்னார். மலை திறந்ததும் ஒரு நாள் ஓடிப் பார்க்கலாம், கல்லில் அடிக்காமல் திருப்பிக் கொண்டுவந்தால் மாற்றலாம். கணேஸ் தலையாட்டினார். சுகந்தி மஞ்சள் போர்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனா. டி-பானே என்ற நிலத்தடி ரயிலில் போகும்போது யாரோ தமிழ் ஆள், "என்ன, கணேஸ், வீட்டுக்குக் கதவோ?" என்று கேட்டாராம். பிறகு ஒருநாள் சுகந்தி சொல்லிச் சிரித்தா.

அன்று மாலை மிச்சச் சாமான்களை வெளியே அடுக்கும்போது மஞ்சளை நான் அடுக்கவில்லை. எட்ஜ் தீட்டி, மெழுகு தேய்த்து, என் மேசைக்குப் பின்னால் வைத்தேன். ஆர்ன கண்டார். தலையைச் சொறிந்தபடி முன்கடைக்குப் போய்விட்டார்.

5. மலையடிவாரம்

மலை திறந்தபிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அடிவாரத்தில் எங்களுக்கு ஒரு சிறிய திருத்தும் கொட்டில் இருந்தது. பைண்டிங் கழன்றவர்கள், எட்ஜ் மழுங்கியவர்கள் வருவார்கள். முதல் ஞாயிறு நான் கடையின் வான் வண்டியில் சாமான் ஏற்றும்போது மஞ்சள் போர்டையும் ஏற்றினேன்.

அவர்கள் வந்தார்கள். அன்று பனி இறுகிக் கண்ணாடியாக இருந்தது. சுகந்தி கறுப்புப் போர்டுடன் லிஃப்டில் ஏறினா. கணேஸ் பஸ் கம்பனி ஜக்கெட்டுடன், கையில் தேநீர்ச் சுடுபோத்தலுடன், என் கொட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்கள் ஓடேல்லையோ, தம்பி?"

"முதல் அவ ஒருக்கா ஓடட்டும். பிறகு நான்."

கொஞ்சம் பொறுத்து, மலையைப் பார்த்தபடியே சொன்னார். "அண்ணை, போன வருசம் அவ விழுந்த அண்டைக்கு நான் பஸ்ஸிலை. ஒரு தரிப்பிலை நிக்கேக்கை ரெலிபோன் வந்தது. வைத்தியசாலையிலை நிக்கிறா எண்டாங்கள். அதுக்கு மேலை என்னெண்டு விளங்கேல்லை. பஸ் நிறையச் சனம். இறக்கிவிட்டிட்டு ஓட ஏலுமே? கடைசித் தரிப்பு வரைக்கும் ஓட்டினனான். ஒவ்வொரு தரிப்பிலையும் நிப்பாட்டி, கதவு திறந்து, கதவு பூட்டி…" அவர் நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்தார். "ஒரு போர்ட் எண்டால் ஒராள் மேலை போகேக்கை மற்றாள் கீழை நிக்கத்தான் வேணும். ரெண்டு போர்ட் எண்டால் அவ தன்ரை பாட்டிலை போயிடுவா."

நான் என் கையில் இருந்த அரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்பு மாதிரி, உடையாது என்று அவர் தட்டியது எதை நினைத்து என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மேலே சுகந்தி புறப்பட்டா. முதல் திருப்பத்துக்குச் சாய்ந்தா. போர்ட் திரும்பவில்லை. இன்னும் சாய்ந்தா. அது நேரே ஓரத்து வலையை நோக்கிப் போனது. கணேஸின் கையில் இருந்த போத்தல் பனியில் விழுந்தது. கடைசி நொடியில் அவ பின்பக்கமாகக் குந்திவிட்டா. வலைக்கு முன்னால் பனியைக் கிளப்பிக்கொண்டு நின்றா. கையை ஊன்றவில்லை.

கணேஸ் ஓடினார். அந்தச் சரிவில், சாதாரணச் சப்பாத்துடன், இரண்டு அடி ஏறி ஒரு அடி வழுக்கி, விழுந்து எழும்பி ஏறினார். அவவைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கறுப்புப் போர்டைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, அவவின் கையைப் பிடித்து இறங்கி வந்தார்.

"முறிவு ஒண்டும் இல்லை" என்றா சுகந்தி. முகம் வெளிறியிருந்தது. "ஆனால் அண்ணை, எனக்கு இது வேண்டாம். விடுங்கோ. அவர் சொன்னது சரி. இது எனக்குச் சரிவராது."

நான் வான் வண்டிக்குப் போனேன். மஞ்சள் போர்டை எடுத்துவந்து கொட்டிலின் மேசையில் கிடத்தினேன். பைண்டிங் பூட்டத் தொடங்கினேன். இரண்டாவது திருகாணியை இறுக்கும்போது, தலையை நிமிர்த்தாமல் கணேஸிடம் சொன்னேன்.

"தம்பி, உங்கடை பயத்துக்கு ஏத்த போர்டை நீங்கள் எடுத்தனீங்கள். அவவின்ரை பாரத்துக்கு ஏத்தது இது. நீங்கள் கீழை நிக்கிறதுக்கு உங்களுக்கு ஒரு போர்டும் தேவையில்லை."

கணேஸ் குனிந்து, பனியில் கிடந்த போத்தலை எடுத்துத் தட்டினார்.

"போயிட்டு வாரும், சுகந்தி" என்றார். "பாதியிலை இருந்து. உச்சிக்குப் போகாதையும். நான் இஞ்சைதான் நிக்கிறன்."

அவ லிஃப்டில் இருந்து பாதி வழியில் இறங்கிப் புறப்பட்டா. முதல் திருப்பம் நடுக்கம். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் சாய்ந்தபோது போர்ட் வளைந்தது. கீழே நின்ற எங்களுக்கே அது தெரிந்தது. கர் என்ற சத்தம் நின்றுபோனது. அவ எங்களைக் கடந்து போய் நின்று, திரும்பி மலையைப் பார்த்தா. வெள்ளைச் சரிவில் மெல்லியதாக ஒரு கோடு கிடந்தது. அங்கங்கே நெளிந்திருந்தது. ஆனாலும் கோடுதான்.

கணேஸ் நடந்துபோய் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் குந்தினார். கையுறையைக் கழற்றி விரலை அதற்குள் வைத்துப் பார்த்தார்.

"அண்ணை, நல்ல ஆழமாய் வெட்டியிருக்குது" என்றார்.

6. முதல் கேள்வி

கறுப்புப் போர்டை வேறொருவர் எடுத்துப் போனார், கணேஸ் அளவு ஆள். கணேஸ் ஒருநாளும் போர்டில் ஏறவில்லை. ஆனால் எத்தனையோ ஞாயிறுகள் அவர் அந்தக் கொட்டில் பக்கத்தில் நின்றார். எனக்கும் தேநீர் ஊற்றித் தந்தார். அந்த மலையடிவாரத்தில் குளிரில் நின்று குடித்த இஞ்சித் தேநீரை இப்போது நினைத்தாலும் கை சூடாகிறது.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்ல இருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒருவர் விறைப்பான போர்ட் கேட்டால் உடனே விறைப்பைத் தேடிப் போகாதீர்கள். அது யாருக்கு என்று கேளுங்கள். ஏறப்போகிற ஆளை ஏற்றி நிறுத்துங்கள். அந்த ஆள் நிற்பது போர்டுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் கை பழகப் பழக வரும்.

சில குளிர்காலம் கழித்து, இன்னொரு மாற்றுச் சந்தை நாளில் இருவரும் வந்தார்கள். சுகந்தி மஞ்சள் போர்டை என் மேசையில் கிடத்தினா. நடுவை அழுத்திவிட்டேன். சோம்பலாக எழும்பியது. அதன் காலம் முடிந்திருந்தது. அவவுடைய ஓட்டத்துக்கு இனி இன்னும் கொஞ்சம் விறைப்பு வேண்டும்.

கடை நிறையச் சனம். பாதிப் பேர் எங்கள் ஆட்கள். ஆர்னவின் முதல் கேள்வியைக் கேட்க வேண்டும். நான் முகத்தைச் சுவருக்குத் திருப்பி, நோர்வேஜியச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் கணேஸ் கதவடியில் இருந்து, நல்ல தமிழில், கடைசித் தரிப்பு அறிவிக்கிற குரலில், அவவின் எடை எண்ணைச் சொன்னார்.

"ஐயோ, என்னப்பா! இவ்வளவு சனத்துக்கு முன்னாலை!" சுகந்தி கையுறையால் அவர் தோளில் அடித்தா.

"அண்ணைக்குத் தேவை, சொல்லத்தானே வேணும்" என்றார் கணேஸ்.

அந்த எண்ணை நான் இங்கே எழுதமாட்டேன். அதற்கு ஏற்ற போர்டைத் தேடிப் பின்னறைக்குப் போனேன்.